‘கேன்சர் இல்லை, ஆனால் வரலாம்’ என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, எடை 24 கிலோ. 3 வயதிலிருந்தே கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. முதலில் டி.பி. என்று 6 மாதம் மாத்திரை கொடுத்தார்கள், கட்டி கரையவில்லை. போன வருஷம் தட்டணு (பிளேட்லெட்) 12 ஆயிரத்துக்கு இறங்கி, கால் முழுக்கச் சிவப்புப் புள்ளி வந்தது. நெறியை வெட்டிச் சோதித்ததில் கேன்சர் இல்லை என்றார்கள். பிறகு ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்து, ஏ.எல்.பி.எஸ். என்ற அபூர்வ நோய், ஃபாஸ் மரபணுவில் பிழை என்று சொன்னார்கள். இப்போது சிரோலிமஸ் என்ற மாத்திரை சாப்பிடுகிறான். என் கணவருக்கும் அதே பிழை இருக்கிறது, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை. எனக்குப் பிழை இல்லை. கணவர் என் தாய்மாமன். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படியா? லிம்போமா (நிணநீர்க் கேன்சர்) வர 51 மடங்கு வாய்ப்பு என்கிறார் ஒரு மருத்துவர். வருஷம் இரண்டு தடவை பெட் ஸ்கேன் எடுத்துவிடலாமா? மண்ணீரல் பெரிதாக இருப்பதால் எடுத்துவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். என் அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் ரத்தம் உடைகிறது என்று மண்ணீரலை எடுத்தார்கள். 32 வருஷமாக நன்றாகத்தான் இருக்கிறார். அதனால் எடுத்தால் ஒன்றும் ஆகாதுதானே? மகளுக்கு 5 வயது, அவளையும் சோதிக்க வேண்டுமா? (மேலூர் பக்கமிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு விஷயம்தான் இப்போது அவசரம். உங்கள் அம்மாவைப் பற்றியது. கடைசியில் வருகிறேன், ஆனால் அவருக்கு இன்று காய்ச்சல் இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

முதலில், நெறியில் கேன்சர் இல்லை என்றதையும் லிம்போமா வரலாம் என்றதையும் பார்ப்போம். இந்த இரண்டும் சரி. நோய்க்கிருமி உள்ளே வந்ததும் நிணநீர் அணுக்கள் பெருகும். வேலை முடிந்ததும் அவை தாமாகச் சாக வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்த கூட்டம் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறினால்தான் மறுநாள் மதுரை மதுரையாக இருக்கும். ‘கிளம்பு’ என்று அணுவுக்குச் சொல்லும் பொத்தான்தான் ஃபாஸ். உங்கள் மகனுக்கு அந்தப் பொத்தான் சரியாக அழுந்தவில்லை. கிளம்பாத கூட்டம் கழுத்திலும் அக்குளிலும் மண்ணீரலிலும் தங்கிவிட்டது. அந்த அணுக்கள் கேன்சர் அணுக்கள் அல்ல. பல வம்சத்து அணுக்கள் கலந்து நிற்கும் கூட்டம் அது. கேன்சர் என்பது ஒரே அணுவின் வாரிசுகள் மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகுவது.

ஒரு பிரதி கெட்டாலே ஏன் நோய் வருகிறது என்று பலர் குழம்புவார்கள். மரபணு ஒவ்வொன்றும் நமக்கு இரண்டு பிரதி. ஃபாஸ் புரதம் தனியாக வேலை செய்யாது, மூன்று மூன்றாகச் சேர்ந்துதான் வேலை செய்யும். பாதி நல்லது, பாதி கெட்டது என்று கலந்து கிடந்தால், மூன்றுமே நல்லதாக அமைவது எட்டில் ஒன்றுதான். மீதி ஏழிலும் ஒரு கெட்டதாவது நுழைந்து காரியத்தைக் கெடுக்கிறது.

லிம்போமா ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. நெறிக்குள் பி வகை அணுக்கள் தங்கள் மரபணுவை வெட்டி ஒட்டிக் கூர்தீட்டிக்கொள்ளும். அந்த வேலையில் தவறு நடப்பது சகஜம். தவறிய அணுக்களைக் களையெடுப்பதில் ஃபாஸுக்கும் பங்கு உண்டு. களையெடுப்பு மந்தமானால், ஒன்றிரண்டு தவறான அணு பிழைத்து, பல வருஷம் கழித்து லிம்போமாவாக மாற இடமிருக்கிறது. இந்த நோயில் வரும் லிம்போமாக்கள் பெரும்பாலும் பி வகையாக இருப்பதும், ஹாட்ஜ்கின் வகை அதிகமாக இருப்பதும் இதனால்தான்.

இனி அந்த 51 மடங்கு. அது 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின் எண். 39 குடும்பங்களில் ஃபாஸ் பிழை இருந்த 130 பேரைப் பார்த்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்போமா, எதிர்பார்க்கும் அளவைவிட 51 மடங்கு. மற்ற லிம்போமாக்கள் 14 மடங்கு. மடங்கு என்ற சொல் பயமுறுத்தும். தலைக்கணக்கில் சொன்னால் அந்த 130 பேரில் லிம்போமா வந்தது 10 பேருக்கு. சாதாரணமாக மிக அரிதாக வரும் நோய் என்பதால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் இதை வைத்து ஆறுதலாக உட்கார்ந்துவிடவும் முடியாது. 2014-இல் அதே குழு 150 நோயாளிகளை இன்னும் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து, ஆபத்து முன்பு நினைத்ததைவிட அதிகம் என்று எழுதியது. கட்டி முதலில் தெரிந்து 48 வருஷம் கழித்துக்கூட லிம்போமா வந்ததுண்டு. பையன் பெரியவனாகும்போது நெறிகள் பெரும்பாலும் தானாகவே சுருங்கும். வீட்டில் எல்லோரும் ‘சரியாகிவிட்டது’ என்று பரிசோதனையை நிறுத்துவதும் அப்போதுதான். கட்டி சுருங்குவதும் ஆபத்து நீங்குவதும் ஒன்றல்ல. கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போனாலும் இந்தக் கோப்பு அவன் பெட்டியில் இருக்க வேண்டும்.

அவனுடைய மரபணு அறிக்கையில் எக்ஸான் எண் (மரபணுவின் எந்தத் துண்டில் பிழை என்பது) இருக்கும், பாருங்கள். 7 முதல் 9 வரை என்றால் பிழை புரதத்தின் உட்பகுதியில் இருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்களில்தான் நோய் கடுமையாகவும் லிம்போமா அதிகமாகவும் வருகிறது. அந்த எண்ணைப் பொறுத்துக் கண்காணிப்பு எவ்வளவு இறுக்கம் என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.

பெட் ஸ்கேன் பற்றி. சந்தேகம் ஒன்றும் இல்லாமல் வருஷம் இரண்டு தடவை எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கதிர்வீச்சு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த நோயில் சாதுவான நெறிகூட பெட் ஸ்கேனில் ஒளிரும். கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் மின்னும் படத்தைப் பார்த்துவிட்டு வீடு முழுக்க ஒரு மாதம் தூங்காது, கடைசியில் வெட்டிப் பார்த்தால் பழைய கதைதான் இருக்கும். பெட் ஸ்கேனுக்கு உண்மையான வேலை வேறு: சந்தேகம் வந்த பிறகு, எந்த நெறியை வெட்டுவது என்று காட்டுவது.

தினசரிக் காவலுக்கு விரல்களும் ஒரு நோட்டும் போதும். 3 மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் நெறிகளை அளக்கும்போது, பக்கம், இடம், சென்டிமீட்டர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ‘இடது கழுத்து, தாடைக்குக் கீழே, 2.5’ என்பதுபோல. மண்ணீரல் விலா விளிம்புக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் என்பதும், 6 மாதத்துக்கொரு முறை வயிற்று அல்ட்ராசவுண்டில் அதன் முழு நீளமும் வேண்டும். 9 வயதில் அது பொதுவாக 11 சென்டிமீட்டரைத் தாண்டாது. உங்கள் மகனுக்குத் தாண்டியிருக்கும், பரவாயில்லை. அவனுடைய எண் எது, அது நகர்கிறதா என்பதுதான் கேள்வி. மாதம் ஒரு தடவை எண்ணெய்க் குளியலின்போது நீங்களே கழுத்தையும் அக்குளையும் தடவிப் பாருங்கள். தினமும் அமுக்கிப் பார்க்க வேண்டாம். பையனுக்கும் பயம், உங்களுக்கும் மாற்றம் தெரியாமல் போகும்.

சளி, காய்ச்சல் வரும்போது எல்லா நெறியும் சேர்ந்து கொஞ்சம் வீங்கி, 2, 3 வாரத்தில் பழைய அளவுக்கு இறங்குவது இந்த நோயின் குணம். மற்றவை சும்மா இருக்க ஒன்று மட்டும் வளர்வதுதான் கவலை. 4 முதல் 6 வாரத்தில் இரட்டிப்பது, வழுக்கி நகராமல் ஒட்டிப்போய்க் கெட்டியாவது, கழுத்துப்பட்டை எலும்புக்கு (காறை எலும்பு) மேலே புதிதாக ஒன்று வருவது, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். தலையணை நனையும் ராத்திரி வியர்வை, காரணம் தெரியாத காய்ச்சல், 6 மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவது (24 கிலோவுக்கு 2.4 கிலோ) ஆகியவையும் அப்படித்தான். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, முகம் வீங்குகிறது என்றால் நெஞ்சுக்குள் கட்டி அழுத்துகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். எல்.டி.ஹெச். (அணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் ஒரு நொதி) ரத்தப் பரிசோதனை உதவும், ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குச் சிவப்பணு உடைந்தாலும் அது ஏறும். அந்த ஒரு எண்ணை வைத்து லிம்போமா என்றோ இல்லை என்றோ யாரும் சொல்ல முடியாது.

சந்தேகம் வந்தால் நெறியை முழுதாக எடுத்துச் சோதிக்க வேண்டும். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது இந்த நோயில் போதாது. நெறியின் உள்ளமைப்பு தெரிந்தால்தான் திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜி மருத்துவர் பிரித்துச் சொல்ல முடியும். காரியம் கெட்டுப்போகும் இடங்கள் இங்கேதான் அதிகம். எடுக்கச் சுலபம் என்று இடுப்பு மடிப்பு நெறியை எடுப்பார்கள். எடுக்க வேண்டியது வளர்ந்துகொண்டிருக்கும் நெறியை. எடுத்ததை அப்படியே ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள்; போட்ட பிறகு டி.பி. கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) முடியாது, ஃப்ளோ சைட்டோமெட்ரியும் (அணுக்களை வகை பிரித்து எண்ணுவது) முடியாது. ஆகவே அறுவை சிகிச்சைக்கு முன்பே சொல்லிவையுங்கள்: ஒரு துண்டு ஃபார்மலினில், ஒரு துண்டு உப்புநீரில் டி.பி. சோதனைக்கு, ஒரு துண்டு ஃப்ளோவுக்கு அன்றே லேபுக்கு. படிவத்தில் ‘ஃபாஸ் பிழை உள்ள ஏ.எல்.பி.எஸ்.’ என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். அது தெரியாமல் பார்க்கும் கண்ணுக்கு, இந்த நோயில் குவியும் டி வகை நிணநீர் அணுக்களே லிம்போமாபோலத் தோன்றக்கூடும்.

இன்னொரு தவறு, பயாப்சிக்கு (நெறியை எடுத்துச் சோதிப்பது) முன் ஸ்டீராய்டு. தட்டணு இறங்கினால் ஸ்டீராய்டு கொடுப்பது சரியான சிகிச்சைதான். ஆனால் அதே ஸ்டீராய்டு லிம்போமாவையும் தற்காலிகமாகக் கரைத்து, பயாப்சியில் ஒன்றும் தெரியாமல் செய்துவிடும். சந்தேகமான கட்டி இருக்கும் நேரத்தில் தட்டணுவும் இறங்கினால், ரத்தக்கசிவு ஆபத்து இல்லாதவரை எதை முதலில் செய்வது என்று தட்டணுவைப் பார்க்கும் மருத்துவரும் கட்டியைப் பார்க்கும் மருத்துவரும் பேசிக்கொள்ள வேண்டும். போன வருஷப் பயாப்சியின் மெழுகுக் கட்டையை (லேபில் ‘பிளாக்’ என்பார்கள்) இப்போதே கேட்டு வாங்குங்கள். லேபுகள் அதைக் காலத்துக்கும் வைத்திருக்காது. நாளை ஒப்பிடவும், இரண்டாவது கருத்துக்கு வேலூருக்கோ அடையாறுக்கோ அனுப்பவும் அதுதான் ஆதாரம்.

ஒருவேளை லிம்போமா வந்தாலும், வழக்கமான சிகிச்சைதான்; இந்தப் பிழை இருப்பதால் மருந்து கேட்காது என்றில்லை. சீக்கிரம் பிடிப்பதற்கு இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

சிரோலிமஸ் லிம்போமாவைத் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை. ரத்த அணுக்களைக் காப்பாற்றும், நெறியையும் மண்ணீரலையும் சுருக்கும். சுருங்கிய உடம்பில் புதிய கட்டி சட்டென்று தெரியும் என்பது கூடுதல் லாபம். ரத்தத்தில் மருந்தளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைக் கொடுக்காமல் கூட்டிப் போங்கள், ரத்தம் எடுத்த பிறகு கொடுங்கள். போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், டோஸைக் குறைத்துவிடுவார்கள். பொதுவாக மில்லிலிட்டருக்கு 5 முதல் 15 நானோகிராம் வரை வைப்பார்கள். பம்ளிமாஸ் பழம் வேண்டாம், அது மருந்தளவை ஏற்றிவிடும். கிளாரித்ரோமைசின், பூஞ்சை மாத்திரையான ஃப்ளூகொனசோல் இரண்டும் ஏற்றும், டி.பி. மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் தரைமட்டமாக இறக்கும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் மாத்திரை வாங்கும்போது இந்த ஒரு வரியைக் காட்டுங்கள். எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை இந்த மருந்து போகும்போது போடக் கூடாது.

மண்ணீரலுக்கு வருகிறேன். எடுக்க வேண்டாம். எடுத்தால் லிம்போமா ஆபத்து குறையாது. தட்டணு கொஞ்சநாள் ஏறும், பலருக்கு மறுபடி இறங்கும். நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல். அது இல்லாத இந்த நோயாளிகளுக்குக் காலையில் காய்ச்சல், மாலையில் மயக்கம், மறுநாள் உயிர் போவது என்ற வேகத்தில் ரத்தத் தொற்று வரலாம். 2014 ஆய்வில் உயிர்சேதத்துக்குப் பெரிய காரணங்களாகச் சொன்னவை இரண்டு: மண்ணீரல் எடுத்த பிறகு வரும் தொற்று, லிம்போமா. முதலாவது நாம் கத்தி எடுத்து வரவழைப்பது. பெரிய மண்ணீரலோடு இருக்கும் பையனுக்குக் கபடியும் மரம் ஏறுவதும் வேண்டாம். ஓடலாம், இறகுப்பந்து ஆடலாம். வயிற்றில் அடிபட்டு, வயிற்று வலியோடு இடது தோளும் வலித்து, முகம் வெளுத்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியருக்கு இது எழுத்தில் தெரிய வேண்டும்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்ற உங்கள் கேள்விக்கு, இல்லை. பிழை உங்கள் கணவரிடமிருந்து வந்தது, உங்களிடம் இல்லை. அவர் யாரைக் கட்டியிருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிழை இருந்தும் நோய் வராதவர்கள் நிறைய; வெளிப்படையாக நோய் வருவது 60 சதவீதத்துக்கும் கீழே. கணவர் அந்த அதிர்ஷ்டப் பக்கம் நிற்கிறார், இருந்தாலும் வருஷம் ஒரு முறை கழுத்து, வயிறு, ரத்தத் தட்டணு பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் உங்கள் பிள்ளைகள் தலைமுறையில் மறுபடி சொந்தத்தில் பேச்சு எடுத்தால், இரண்டு பக்கமும் சோதித்த பிறகு பேசுங்கள். இரண்டு பிரதியும் கெட்டுப் பிறக்கும் குழந்தைக்கு நோய் மிகக் கடுமையாக, பிறந்த சில மாதங்களிலேயே வரும்.

மகளுக்குச் சோதனை தேவை. முழு மரபணுப் பட்டியலும் வேண்டாம், காசு வீண். மகனின் அறிக்கையைக் கொண்டுபோய் ‘இந்த ஒரு பிழை மட்டும்’ என்று கேளுங்கள். ஊதா மூடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் போதும். கூடவே ஃப்ளோ சோதனையும் சொன்னால் ரத்தத்தை ஐஸில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில், மறுநாளுக்குள் லேபுக்குச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்துக் கூரியரில் போட்டால் திங்கட்கிழமை செத்த அணுக்கள்தான் போய்ச் சேரும். இந்த நோயில் பி12 வைட்டமின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 1500 பிகோகிராமுக்கு மேல் ஏறும், அது நோயைக் காட்டும் நம்பகமான அடையாளம். ஆனால் சத்து ஊசியோ பி காம்ப்ளெக்ஸோ போட்டிருந்தாலும் ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் அம்மா. உங்கள் கணவர் அவருடைய தம்பி. தம்பிக்குப் பிழை, அக்காவுக்கு இளவயதில் ரத்தம் உடைந்து மண்ணீரல் எடுத்திருக்கிறது. அவருக்கும் இதே நோய் இருக்க வாய்ப்பு அதிகம். பிழை உங்களுக்கு வராமல் தப்பியிருக்கிறது, அவ்வளவுதான். 32 வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதை நீங்கள் சாட்சியாக வைக்கிறீர்கள். மண்ணீரல் இல்லாதவருக்கு ரத்தத் தொற்று ஆபத்து வருஷம் போனால் காலாவதி ஆவதில்லை, லிம்போமா ஆபத்தும் அப்படியே. அவருக்கு நிமோனியா தடுப்பூசி போட்டதாக நீங்கள் எழுதவில்லை. 32 வருஷத்துக்கு முன் இங்கே அதைப் போட்டிருப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

இந்த வாரமே கூட்டிப் போய் அந்த ஒரு பிழைச் சோதனைக்கு ரத்தம் கொடுங்கள், கழுத்து, அக்குள், வயிறு பார்க்கச் சொல்லுங்கள். போட வேண்டிய தடுப்பூசிகள்: நிமோகாக்கல் கான்ஜுகேட் ஊசி (நிமோனியா ஊசி), மெனிஞ்சோகாக்கல், ஹிப், வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி. கான்ஜுகேட் ஊசி 13 கிருமி வகைக்கானது என்றால் 8 வாரம் கழித்து 23 வகைக்கான ஊசி, 5 வருஷத்தில் மறுபடி அது. தினமும் பென்சிலின் மாத்திரையா, காய்ச்சல் கண்டதும் விழுங்கிவிட்டுப் புறப்பட வீட்டில் கையிருப்பா என்பதை மருத்துவர் சொல்வார். இரண்டில் ஒன்று இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். நாய் லேசாகக் கடித்தால்கூட வெறிநாய் ஊசியோடு நிறுத்தாமல் ஆன்டிபயாடிக்கும் கேளுங்கள், நாய் எச்சிலில் உள்ள ஒரு கிருமி மண்ணீரல் இல்லாதவர்களைத் தேடி அடிக்கும். சுருக்குப்பையில் ஒரு அட்டை எழுதிப் போடுங்கள்: ‘மண்ணீரல் இல்லை. காய்ச்சல் என்றால் உடனே ரத்தக் கல்ச்சர் எடுத்து, முடிவுக்குக் காத்திருக்காமல் செஃப்ட்ரியாக்சோன் ஊசி.’ 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம், மறுநாள் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. மேலூரிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ராத்திரி 2 மணிக்கு யார் வண்டி ஓட்டுவது என்பதையும் இப்போதே பேசிவையுங்கள்.